வீட்டுவழிக் கல்வி: குழு வகுப்பா, வெளிப்பயணமா?

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் மதுரைப் பெற்றோர், ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தையின் வாரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் முதலில் திணறுகிறார்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் நடத்தும் குழு வகுப்பில், முறை வைத்துப் பேசவும் தோற்றால் அழாமல் இருக்கவும் குழந்தை பழகுகிறது. இவற்றைத் தனியாகக் கற்பிப்பது கடினம். செலவும் குறைவு.

வெளிப்பயணத்தின் வளம் வேறு. 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் எழுத்துப் பொறித்த பானையோடுகளைப் பார்த்த குழந்தை, வீடு திரும்பியதும் உடைந்த தொட்டியில் ஆணியால் தன் பெயரைக் கீறத் தொடங்கும் (தொட்டிக்கு ஆபத்துதான்). கீழக்குயில்குடி சமணர் மலையில் பாறைச் சிற்பங்களோடு அடிவாரத்துத் தாமரைக் குளமும் பாடமாகிறது. கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்திரை விழாவில், அழகர்கோவிலிலிருந்து அவர் வரும் வழியையும், வழியில் அவர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகளையும் வரைபடத்தில் குறிக்கச் செய்தால் புவியியலும் கணக்கும் கைகூடும். ஆனால் ஆற்றுக் கூட்டத்துக்குள் சிறுவர்களை அழைத்துச் செல்வதை நான் ஏற்கமாட்டேன், வழியில் நெரிசல் குறைந்த ஒரு மண்டகப்படியருகே நிற்பதே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழு வகுப்பையும், தை பிறந்து வெயில் ஏறும்வரை பயணத்தையும் முன்னிறுத்துவேன். வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு மட்டும் ஆண்டு முழுவதும் வகுப்பு தேவைப்படும்.