முன் டீரெயிலர்: சரிசெய்து ஓட்டுவதா, கழற்றி ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாறுவதா?

21 கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களின் முதல் புகார் பெரும்பாலும் இடது கை ஷிஃப்டரைப் பற்றித்தான் இருக்கும். அது இயக்குவது முன் டீரெயிலரை, அதாவது மிதிப் பக்கம் உள்ள பல்சக்கரங்களுக்கு இடையே செயினைத் தள்ளி மாற்றும் பாகத்தை. செயின் உரசுகிறது, பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மறுக்கிறது, இல்லாவிட்டால் உள்பக்கம் விழுந்து பாட்டம் பிராக்கெட்டில் (மிதியின் அச்சு சுழலும் இடம்) சிக்கிக்கொள்கிறது. உடனே, "முன்னால் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்-பை ஆக்கிவிடுங்கள்" என்று, அதாவது முன்னால் ஒரே பல்சக்கரம் போதும் என்று, யாராவது யோசனை சொல்வார்கள். நான் இதில் முன் டீரெயிலர் பக்கம். ஆனால் இந்தச் சார்பு விலை குறைந்த 3x7 (முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம்) சைக்கிள்களுக்கு மட்டும்தான். 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 என்ற ஒன்-பை செட் வந்த பிறகு உயர்ரக மலைப்பாதை சைக்கிள்களில் முன் டீரெயிலர் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அங்கே அது நியாயமும்கூட.

வழக்கமான 3x7இல் முன்னால் 42/34/24 பல், பின்னால் 14 முதல் 28 பல். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். மிக லேசான கியர் 24/28, அதாவது 0.86. மிகக் கனமானது 42/14, அதாவது 3.0. ஒன்-பையில் முன்னால் 34 பல்லும், பின்னால் 9 கியர் கொண்ட 11-42 கேசட்டும் (ஹப்பில் செருகும் பல்சக்கர அடுக்கு) போட்டால் 0.81 முதல் 3.09 வரை கிடைக்கும். ஆக, ஒன்-பை ஏற்றத்தில் கைவிட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் 0.81 போதும். வேறுபாடு கியர்களுக்கு இடையே உள்ள தாவலில் இருக்கிறது. 9 கியரில் அந்த முழு வீச்சையும் அடைத்தால் ஒவ்வொரு தாவலும் சராசரியாக 18 சதவீதம். 14-28இல் அது 9 முதல் 17 வரைதான். ஈசிஆரில் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) எதிர்க்காற்றில் ஒரே வேகத்தில் மிதிக்க நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும். எடை, அழகு, ஹேண்டில்பாரில் ஒரு கேபிள் குறைவது எல்லாம் ஒன்-பைக்குச் சாதகம். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. ஒன்-பைக்கு மாறுவது ஒரு பாகத்தைக் கழற்றுவதோடு நிற்காது. மலிவான கிராங்க்குகளில் (மிதியைத் தாங்கும் கை) மூன்று பல்சக்கரங்களும் ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை, கிராங்க் செட்டையே மாற்ற வேண்டும். அதைக் கழற்ற கிராங்க் புல்லர் வேண்டும். பின் சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் மரையில் திருகிய ஃப்ரீவீல். அந்த ஹப்பில் 11-42 கேசட் ஏறாது. கேசட்டைச் செருகும் ஃப்ரீஹப் உள்ள வேறு சக்கரம் தேவை. 7 கியர் ஷிஃப்டரை 9 கியருக்குப் பயன்படுத்த முடியாது. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் போன்ற செட் வாங்கினால் அதன் கேபிள் இழுப்பு அளவே வேறு. ஷிஃப்டரும் பின் டீரெயிலரும் ஜோடியாக வர வேண்டும், ஷிமானோவோடு கலக்க முடியாது. இத்தனையும் செய்த பிறகு பராமரிப்பு ஒழிந்ததா என்றால், பின்னால் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். 42 பல் சக்கரத்தில் ஓட்டும்போது செயின் நன்றாகச் சாய்ந்து ஓடும். ஹேங்கர் (பின் டீரெயிலர் தொங்கும் சிறு உலோகத் துண்டு) கொஞ்சம் வளைந்தாலும் பெரிய கேசட் உடனே முரண்டு பிடிக்கும். எல்லாத் தேய்மானமும் ஒரே முன் சக்கரத்தின் மேல் விழும். அது அலுமினியமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். எவ்வளவு சீக்கிரம் என்பது மண்ணையும் செயினைத் துடைக்கும் பழக்கத்தையும் பொறுத்தது.

முன் டீரெயிலரைச் சரிசெய்ய வேண்டியது 5 மி.மீ. அலன் கீ, சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தேவைப்பட்டால் ஒரு புதிய கேபிள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். ஷிஃப்டர் தரையில் அழுந்தி கேபிள் வளையும், அளவு பொய் சொல்லும். சீட்டில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாலே பின் சக்கரம் சுழலும்.

வரிசை மாறினால்தான் குழப்பம். முதலில் செயினைச் சின்னச் சக்கரத்துக்கு இறக்கி, ஷிஃப்டரை 1இல் வைத்து, கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். பேரல் அட்ஜஸ்டரை (ஷிஃப்டரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகு) முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே விடுங்கள். பிறகு உயரம்: கூண்டை (செயின் நடுவே ஓடும் இரண்டு தட்டுகள்) கையால் பெரிய சக்கரத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், வெளித்தட்டின் கீழ் விளிம்புக்கும் பல்லின் நுனிக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது வெளித்தட்டு பல்சக்கரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். கிளாம்ப் போல்ட்டை முறுக்கும்போது கூண்டு கொஞ்சம் திரும்பும், ஆகவே முறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். பல கடைகளில் இந்த இரண்டையும் தொடாமலே ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். உயரம் தவறாக இருந்தால் எந்த ஸ்க்ரூவும் உதவாது.

அடுத்து எல் ஸ்க்ரூ, கூண்டின் உள்பக்க எல்லையை வைப்பது. கேபிள் இன்னும் தளர்ந்தே இருக்கட்டும். முன்னால் சின்னது, பின்னால் பெரியது. உள்தட்டுக்கும் செயினுக்கும் இடையே அரை மி.மீ. வரும்வரை கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். எழுத்து அழிந்திருந்தால், ஏதாவது ஒன்றைத் திருகி, கூண்டு அசைந்தால் அதுதான் எல். இப்போது கேபிளைக் கையால் விறைப்பாக இழுத்து போல்ட்டை முறுக்கலாம். 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் இழைகள் நசுங்கும்.

பிறகு எச் ஸ்க்ரூ, வெளிப்பக்க எல்லைக்கானது. முன்னால் பெரியது, பின்னால் சின்னது, வெளித்தட்டுக்கும் செயினுக்கும் அதே அரை மி.மீ. கடைசியாக நடுச்சக்கரம். செயினை நடுவில் போட்டு, பின்னால் பெரிய சக்கரத்தில் வைத்து, உள்தட்டின் இடைவெளியைப் பேரல் அட்ஜஸ்டரால் அரை மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். வெளியே திருகினால் கேபிள் இறுகி, கூண்டு வெளிப்பக்கம் நகரும்.

செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறவில்லை என்றதும் எச் ஸ்க்ரூவைத் தளர்த்துவது பொதுவான தவறு. ஸ்க்ரூ கூண்டைத் தள்ளுவதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையை மட்டும் வைக்கிறது. தள்ளுவது கேபிள். முதலில் கேபிளின் இறுக்கத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் மட்டும் எச்சைக் கால் சுற்று தளர்த்துங்கள். அதிகம் தளர்த்தினால் செயின் வெளியே தாவி கிராங்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கும். உள்பக்கம் விழுகிறதா? அது எல்லின் வேலை, கால் சுற்று உள்ளே.

ஏறும்போது சரி, இறங்கும்போது மட்டும் மந்தமாக இருக்கிறது என்றால் உராய்வைச் சந்தேகியுங்கள். கேபிளைத் தளர்த்தும்போது கூண்டைத் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங் மட்டுமே. மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் துருப்பிடித்த கேபிள் அந்த ஸ்பிரிங்கைத் தோற்கடித்துவிடும். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கேபிள் பாதையில் சேறு காய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். 1.2 மி.மீ. உள்கேபிளும் கியருக்கான 4 மி.மீ. ஹவுசிங்கும் (கேபிளின் வெளியுறை) வாங்கி மாற்றுங்கள். கடைகளில் பிரேக் ஹவுசிங்கைப் போட்டுத் தருவதும் உண்டு. சுருள் கம்பியால் ஆன அது அழுத்தத்தில் சுருங்கும், அளவு நிற்காது. புதிய கேபிள் முதல் சில நாட்களில் தளர்வது ஹவுசிங் நுனிகள் அமர்வதால். அதற்குப் பேரல் அட்ஜஸ்டரில் அரைச் சுற்று போதும்.

முன்னால் சின்னது, பின்னாலும் சின்னது என்று ஓட்டும்போது வரும் உரசலைத் துரத்த வேண்டாம். அது குறுக்குச் செயின், அதாவது செயின் மிக அதிகமாகச் சாய்ந்து ஓடுவது. அந்த ஜோடியைத் தவிர்ப்பதுதான் வழி.

செலவே இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. இடது கேபிளைக் கழற்றிவிட்டு, எல் ஸ்க்ரூவை முழுக்கத் திருகிக் கூண்டை நடுச்சக்கரத்தின் மேலேயே நிறுத்துவது. கூண்டு செயினுக்குக் காவலாக இருக்கும். எல்லா மாடலிலும் ஸ்க்ரூ அந்த அளவு எட்டாது. எட்டினாலும் மிச்சம் இருப்பது 34/28 முதல் 34/14 வரை, அதாவது 1.21 முதல் 2.43 வரை. சமதள நகரத்துக்குச் சரி, மலைக்கு ஆகாது.

கரடுமுரடான மண்பாதையில் அடிக்கடி ஓட்டுபவருக்கு என் வாதம் பொருந்தாது. குலுங்கும்போது முன் கியர் மாற்ற நேரமிருக்காது. ஒன்-பையில் அகல-குறுகல் பல்லும் (அகலமும் குறுகலும் மாறி மாறி வரும் பல்) கிளட்ச் உள்ள பின் டீரெயிலரும் செயினைப் பிடித்துவைக்கும். அப்படியானால் பழையதை மாற்றுவதைவிட ஒன்-பையாகவே வரும் சைக்கிளை வாங்குவது மேல். வாங்கும்போது பின் சக்கரத்தில் இருப்பது கேசட்டா, ஃப்ரீவீலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரீவீலோடு விற்கும் ஒன்-பையில் பெரும்பாலும் 11-42இன் வீச்சு இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும்.