மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பி மாடி எடுக்காதீர்கள்

மடிப்பாக்கத்தில் 1997இல் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. தரைத்தளம் மட்டும், 850 சதுர அடி. அப்போது அது பஞ்சாயத்து, 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. மொட்டை மாடியின் நான்கு மூலையிலும் காலம் (தூண்) கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாளில் மாடி எடுக்க உதவும் என்று அப்பா விட்டுவைத்தது. இத்தனை வருடமும் அம்மா அதில் கொடி கட்டித்தான் துணி காயப்போடுகிறார்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடிப் பேச்சு வந்தது. பழைய வீடாயிற்றே, கடைக்கால் (அஸ்திவாரம்) தாங்குமா என்று முதலில் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். யோசனையில் தப்பில்லை. ஆளைப் பிடித்ததில் கோட்டை விட்டேன்.

பழைய வீட்டுக்கு அஸ்திவார டெஸ்ட், ஐந்து நாளில் சர்டிபிகேட் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு கன்சல்டன்சி. 28,000 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே. இரண்டு பையன்கள் பைக்கில் வந்தார்கள். ரிபவுண்ட் ஹேமர் என்று ஒரு கருவி, டார்ச் லைட் மாதிரி இருக்கும், சுவரில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு எண் காட்டும். வீடு முழுக்க டக், டக் என்று அழுத்திப் போட்டோ எடுத்தார்கள். மாடிக்குப் போய்க் கம்பியைப் பார்த்ததும் ஒருவன் சொன்னான்: "கம்பி விட்டிருக்காங்களே சார், அப்ப அஸ்திவாரமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் போட்டிருப்பாங்க." நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். பின் அறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் காட்டினேன். பெயின்ட் கிராக்காம்.

ஐந்தாம் நாள் ஸ்பைரல் பைண்டிங்கோடு ரிப்போர்ட் வந்தது. இரண்டு மாடிகூடத் தாராளமாக எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அன்று மாலையே ஒரு கான்ட்ராக்டர் போன் செய்தார். 22 லட்சத்தில் முடித்துத் தருவாராம். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஊரிலிருந்து சித்தப்பா கல்யாணப் பேச்சுக்கு வந்தார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒன்பதாம் பக்கத்தில் நின்றார். "ஏன்டா, மண்ணை எப்ப எடுத்தாங்க?"

அந்தப் பக்கத்தில் மண் பரிசோதனை அட்டவணை இருந்தது. மணல் கலந்த மண், நிலத்தடி நீர் 4.5 மீட்டரில். மார்கழியில் எங்கள் கிணற்றில் ஐந்தடிக்குள் தண்ணீர் நிற்கும், குடத்தைக் குனிந்தே மொள்ளலாம். சித்தப்பா சிரித்தார். மண் பரிசோதனை என்றால் முக்காலி நட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவார்களாம். "தெருவே வந்து வேடிக்கை பார்த்திருக்குமே, உனக்குத் தெரியாமலா போயிருக்கும்?" அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த, மண் எடுத்த இடத்தின் முகவரி அண்ணா நகரில் ஏதோ ஒரு தெரு.

அடுத்தது கான்கிரீட். எம்25 என்று போட்டிருந்தது. கான்கிரீட்டின் வலுவைக் குறிக்கும் தரம் அது, எண் கூடக் கூட வலு கூடும். 1997இல் எங்கள் வீட்டுக்கு சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு என்று தட்டுக் கணக்கில் கையால் கலந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது எம்15 கலவை. அந்த ரிபவுண்ட் ஹேமரை வைக்கும் முன் பூச்சைக் கொத்தி எடுத்து, கான்கிரீட்டைக் கல்லால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இவர்கள் பெயின்ட் மேலேயே வைத்தார்கள். பாதி இடத்தில் அடியில் இருந்தது செங்கல். ஒழுங்காகச் செய்தாலும் அந்தக் கருவி கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்றுதான் காட்டும், கடைக்காலுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்துக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் மட்டும், பதிவு எண் இல்லை. சென்னையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராகக் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டிருந்தால் அன்றே வெளுத்திருக்கும்.

மறுநாள் இரண்டு ஆள் வைத்துப் பின்பக்க மூலையில் மூன்றடிக்கு மூன்றடிக் குழி எடுத்தோம். (சுவர் நெடுகத் தோண்டிவிடாதீர்கள், மழைக்காலத்திலும் வேண்டாம். ஒரு இடம் போதும், பார்த்ததும் திமிசு போட்டு மூடிவிட வேண்டும்.) நாலரை அடியில் கடைக்கால் முடிந்துவிட்டது. கருங்கல் கட்டு, அகலம் இரண்டடி. அடியில் ஒரு சாண் மணல். அதற்கும் கீழே உருட்டினால் கோலிக்குண்டாகும் கறுப்புக் களி.

தூணைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தூண் மண்ணுக்குள் இறங்கவே இல்லை. தரைமட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீம் மேல் நட்டு நிறுத்தியிருந்தார்கள். கீழே ஃபூட்டிங், அதாவது தூணின் எடையை மண்ணில் பரப்பும் அகலமான அடித்தளம், கிடையாது. அப்பாவை மேஸ்திரி ஏமாற்றினாரா, காசு போதாமல் அப்பாவே சரி என்றாரா, கேட்க இருவருமே இன்று இல்லை.

எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். பின் அறைக் கதவு ஒவ்வொரு கார்த்திகையிலும் இறுகிக்கொள்வதும், சித்திரையில் அந்த விரிசல் வாயைத் திறப்பதும் அதனால்தான். பத்தடி உயர ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஓரடி நீளத்துக்கே 400 கிலோ வரும் என்றார் சித்தப்பா. ஐந்து அங்குல தளம் 850 சதுர அடிக்குச் சுமார் 25 டன். இதெல்லாம் அந்த இரண்டடிக் கருங்கல் மேல் ஏறியிருக்கும். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "மவுலிவாக்கத்துல விழுந்துச்சே" என்றார். 2014 ஜூன் 28, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது வேறு கதை, நம்முடையது ஒரு மாடிதானே என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் பதிவு பெற்ற ஒரு இன்ஜினியரைப் பிடித்தோம். முதல் நாளே மண்வெட்டி கேட்டார், அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மண்ணைச் சோதிக்க இரண்டு இடத்தில் துளை போட்டார். பழைய சுவர் மேல் எதுவும் ஏற்றக் கூடாது, வேண்டுமானால் வெளியே அண்டர் ரீம் பைல் (அடிப்பக்கம் குமிழ் மாதிரி அகன்ற, ஆழமான கான்கிரீட் தூண்) இறக்கிப் புதுத் தூண் எழுப்பி மாடியைத் தனியாகத் தாங்கவைக்கலாம் என்றார். பைலுக்கு மட்டும் அவர் சொன்ன தொகையைக் கேட்டு மாடி ஆசையை விட்டோம். தம்பி கீழ்க்கட்டளையில் வாடகைக்குப் போகிறான்.

கான்ட்ராக்டரும் கன்சல்டன்சியும் ஒரே வீட்டு ஆட்கள் என்பது பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் தெரிந்தது. வக்கீல் நோட்டீஸ் போனதும் 1,20,000 வந்தது. மீதி 80,000க்கும் அந்த 28,000க்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே போகலாம். வழி தெரியாதவர்கள் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். வழக்கு முடியாததால்தான் கன்சல்டன்சியின் பெயரை இங்கே எழுதவில்லை.

போன வாரம் ஆள் வைத்து மாடிக் கம்பிகளை அறுத்துவிட்டோம், வாங்குகிறவர்களோ பேரன்களோ அதைப் பார்த்து இன்னொரு முறை ஏமாற வேண்டாம் என்று. கொடி கட்ட இடமில்லை என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறார்.