அம்மாவின் முழங்கால்: ஸ்டெம் செல் ஊசியா, மூட்டு மாற்றா?

மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு. 68 வயது அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து ஏறுவார். முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசியா, மூட்டு மாற்று அறுவை சிகிச்சையா என்று மூன்று மாதம் அலைந்து, கடைசியில் வலது காலுக்கு மூட்டு மாற்றினோம். என் மனம் அறுவைப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊசி போட்டால் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அறுவை என்றால் சில நாள் ஆஸ்பத்திரி, கிருமித்தொற்று, ரத்தக்கட்டு பயம், பல வார பிசியோதெரபி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஓர் எக்ஸ்ரே.

முதலில் அம்மாவைப் படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டுக்குள் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது, அதாவது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு (குருத்தெலும்பு) மிச்சம் இருப்பதுபோல. ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்ததும், "இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து ஊசி போட்டால் ஜவ்வு திரும்ப வளரும்" என்று சொல்லி, இரண்டு காலுக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்டார்கள். முன்பணம் கட்டக்கூடத் தயாராகிவிட்டேன். வேறொரு எலும்பு மருத்துவர், "நிற்க வைத்து எடுத்த படம் எங்கே?" என்றார். நிற்கும்போதுதான் உடல் எடை மூட்டில் இறங்கும். உண்மையான தேய்மானம் அப்போதுதான் தெரியும். எடுத்துப் பார்த்தால், வலது காலின் உட்பக்கம் எலும்பும் எலும்பும் தொட்டுக்கொண்டிருந்தன. கிரேடு 4, அதாவது தேய்மானத்தின் கடைசிக் கட்டம். காலும் வளைந்திருந்தது. வளைந்த காலை எந்த ஊசியும் நிமிர்த்தாது. வீட்டில் யாருக்காவது முழங்கால் வலி என்றால், தயவுசெய்து நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்காக ஸ்டெம் செல்லே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் ஆரோக்கியமானவர்கள் தானமாகத் தந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்தெடுக்கும் செல்களுக்கு, 2022-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. அது கிரேடு 2, 3 மூட்டுகளுக்குத்தான். மற்றபடி ஒப்புதல் இல்லாத ஸ்டெம் செல் சிகிச்சையை மருத்துவ ஆய்வுக்கு வெளியே தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 475 பேரிடம் மூன்று வகை செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலி குறைவதில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது, தானாக ஆறும் சக்தி மிகக் குறைவு. அதனால்தான் "திரும்ப வளரும்" என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

காசு விஷயம். செயற்கை முழங்கால் மூட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் போடப்படும் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை வகைக்கு அப்போது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆஸ்பத்திரிச் செலவு வேறு. ஆனால் அந்தச் செலவுக்குக் கைமேல் கணக்கு இருக்கிறது: முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குவதாக 2019-இல் ஒரு பெரிய ஆய்வு கணித்தது. அம்மாவின் வயதுக்கு அது போதும்.

கஷ்டமும் இருக்கிறது. முதல் ஆறு வாரம் காலை மடக்கும்போதெல்லாம் அம்மா அழுதார். பிசியோவைத் தள்ளிப்போட்டால் கால் இறுகிவிடும் என்பதால், அழுதாலும் விடவில்லை. சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவது போயே போய்விட்டது. குனிந்தபடியேதான் கோலம் போடுகிறார், சின்னதாக. மார்கழியில் அது அவருக்கு மனக்குறைதான்.

அறுவைக்குப் பிறகான 14 மாதத்தை வைத்துப் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இப்போது படிக்கு ஒரு கால் வைத்து ஏறுகிறார்.

இடது கால் இன்னும் கிரேடு 3. அதற்கு இப்போதைக்குத் தொடைத் தசைக்கான பயிற்சியும், ஐந்து கிலோ எடை குறைப்பும்தான். ஒப்புதல் பெற்ற அந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். தை பிறந்ததும் மறுபடி ஓர் எக்ஸ்ரே, நிற்க வைத்து.