ராணுவக் காலி உறைகளுக்கு டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600

எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள் வைத்திருப்பவர், சுட்டு முடிந்த ராணுவத் தோட்டா உறைகளில் ரீலோடிங் செய்பவர் (புது மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குபவர்) யாராவது எந்தக் கருவியை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600 என்பேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டில்லன் பிரிசிஷன் நிறுவனத்தின் தயாரிப்பு. நூறு டாலருக்கு மேல் ஆகும். உறையின் அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் குழியின் வாயில் இருக்கும் கிரிம்ப்பை, அதாவது பிரைமரைப் பூட்டிய பித்தளை மடிப்பை, அமுக்கி விலக்கும். வேறு எதுவும் செய்யாது. அதற்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். அந்த வேலை ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராணுவத் தோட்டா இயந்திரத் துப்பாக்கியிலும் ஓட வேண்டும். சுடும்போது பிரைமர் கழன்று உள்ளே விழுந்தால் துப்பாக்கி சிக்கி நின்றுவிடும். அதனால் ஆலையிலேயே பிரைமரைச் சுற்றியுள்ள பித்தளையை அழுத்திப் பூட்டிவிடுகிறார்கள். மிசூரி மாநிலம் இன்டிபென்டன்ஸில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையின் .30-06 (கேரண்ட் சுடும் தோட்டா அளவு) உறைகளைப் பாருங்கள். அடியில் 'எல்.சி.' முத்திரை, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், பெரும்பாலும் பிரைமரைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்த பிறகும் அந்த வளையம் போகாது. புதுப் பிரைமர் அதில் இடித்து நசுங்கும், இல்லையென்றால் முழுதாக இறங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும்.

கேரண்டில் இது விளையாட்டல்ல. அந்த ரைஃபிளின் ஃபயரிங் பின்னை (பிரைமரை அடிக்கும் முள்) பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட் வேகமாக மூடும்போது ஃபயரிங் பின் தன் வேகத்திலேயே முன்னால் போய்ப் பிரைமரை லேசாகத் தொடும். கேரண்டில் ஏற்றிவிட்டுச் சுடாமல் எடுத்த தோட்டாவின் பிரைமரில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அது இந்தத் தொடுதலால் வந்ததுதான். பிரைமர் துருத்தி நின்றால், போல்ட் பூட்டிக்கொள்வதற்கு முன்பே தோட்டா வெடிக்கக்கூடும். முகத்துக்கு மிக அருகில் நடக்கிற விஷயம் இது.

சரி, கருவிக்கு வருவோம். மேசையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உறையை ஒரு கம்பியின் மேல் செருகி, கீழே மடக்கி, கைப்பிடியைத் தள்ளினால் எதிர்ப்பக்கத்திலிருந்து கடினமான எஃகுத் தண்டு பிரைமர் குழிக்குள் நுழைந்து வளையத்தை ஓரமாக ஒதுக்குகிறது. குழியின் வாய் லேசாக உருண்டு வருவதால் புதுப் பிரைமர் தானாக வழி கண்டுபிடித்து இறங்குகிறது. எனக்குப் பிடித்தது அந்த உட்கம்பிதான். உறையின் அடித்தளத்தை அது உள்ளிருந்தே தாங்கிக்கொள்கிறது. ரீலோடிங் பிரஸ்ஸில் (கைப்பிடியால் அழுத்தும் இயந்திரம்) மாட்டும் சில ஸ்வேஜ் (கிரிம்ப்பை அமுக்கி விலக்கும்) கருவிகளில் தண்டு குழியில் கவ்விக்கொண்டால், உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்துத்தான் விடுவிக்க வேண்டும், விளிம்பு பாழாகிவிடும். இதில் அந்தக் கவலை இல்லை. சின்னப் பிரைமருக்கும் பெரிய பிரைமருக்கும் தனித்தனித் தண்டு கூடவே வருகிறது, ஆகவே சின்னப் பிரைமர் போடும் 5.56 மி.மீ. உறைகளையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கிரிம்ப்பை வெட்டி எடுக்கும் ரீமர் மலிவு, வேலையும் நடக்கும். ஆனால் அது பித்தளையைச் சுரண்டி எடுக்கிறது. கை கொஞ்சம் சாய்ந்தால் குழியின் வாய் அகன்றுவிடும், போன பித்தளை திரும்ப வராது. நாலைந்து உறைக்கு ரீமர் போதும். ஒரு வாளி நிறைய உறை என்றால் விரல்கள் மரத்துப்போகும்.

சூப்பர் ஸ்வேஜில் பொறுமை கேட்கிற இடம் அளவு வைப்பதுதான். உறையின் அடித்தளத் தடிமன் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். உட்கம்பி அந்த அடித்தளத்தில்தான் முட்டி நிற்கிறது என்பதால், எல்.சி.க்கு வைத்த அளவு செயின்ட் லூயிஸ் ஆலையின் 'எஸ்.எல்.' உறைக்கோ கிரேக்க நாட்டு 'எச்.எக்ஸ்.பி.' உறைக்கோ அப்படியே சரிப்படும் என்று நம்பக் கூடாது. முதலில் முத்திரைவாரியாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் லேசான அழுத்தத்தில் தொடங்கி, பிரைமரைக் கையால் பொருத்திப் பாருங்கள். இறுக்கமாக ஆனால் சிக்காமல் போக வேண்டும். அடிமட்டத்திலிருந்து அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு உள்ளே உட்கார்ந்தால் நல்லது. அதிகமாக அழுத்தினால் குழி தளர்ந்துவிடும், அப்புறம் அந்த உறை குப்பைக்குத்தான்.

எவ்வளவு நல்ல கருவியானாலும் கெட்ட உறையைக் காப்பாற்றாது. ஒரு வியாபாரியிடம், எல்லாம் பாக்ஸர் வகை (பிரைமர் குழியின் நடுவில் ஒரே துளை உள்ளது) என்று சொல்லி விற்ற மூட்டை ஒன்றை வாங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலவற்றில் நடுவில் ஒரு துளைக்குப் பதில் பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளைகள்: பெர்டன் வகை. அதைப் பார்க்காமல் வழக்கமான கருவியில் பிரைமரைத் தள்ளினால் கருவியின் ஊசிதான் உடையும். ஒவ்வொரு உறைக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். கூடவே நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுவரைத் தடவுவேன். பள்ளம் தட்டுப்பட்டால் உறை அங்கேதான் இரண்டாக அறுந்து போகும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட உறைகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அந்தத் துப்பாக்கிகளின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) தாராளமாக இருப்பதால் உறை அதிகம் நீள்கிறது.

கழுத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை தெரிந்தால் பயப்படாதீர்கள். ஆலையில் கழுத்தைச் சூடாக்கி இளக்கிய அடையாளம் அது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள் சுடாமலேயே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, இறுக்கம் மிச்சமிருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. சூடாக்கி இளக்குவது அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான். இதனால்தான் அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை உறை பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்பும் கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் போதும். பழைய குளோரேட் பிரைமர் விட்டுப்போகும் உப்பையும் தண்ணீர்தான் கரைக்கும்.

உறையைச் சைஸ் செய்த (அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த) பிறகு நீளத்தை அளந்து பாருங்கள்: .30-06 உறை 2.494 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, வெட்டும்போது 2.484க்குக் கொண்டுவாருங்கள். மருந்தின் அளவை நம்பகமான கையேட்டில் பார்த்து, குறைந்த அளவிலிருந்தே தொடங்குங்கள். ராணுவ உறை சில சமயம் தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறையும்.

கடையில் வாங்கிய வணிக உறைகளை மட்டும் பயன்படுத்துபவருக்கு இந்தக் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. மற்றவர்களுக்கு ஒரு விஷயம்: ஒரு தடவை கிரிம்ப்பை எடுத்த உறையை மறுபடி ஸ்வேஜ் செய்ய வேண்டாம். எடுத்ததைத் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டுங்கள்.