துணைக்கு வந்தவருக்கும் ஒரு சீட்டு

மூன்று வார விடுப்பில் லண்டனிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்றிருந்தபோது, இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்த அப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அம்மா துணைக்கு வந்தார். (இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. லண்டனில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் சோதனைகளெல்லாம் ஒரே காலையில் முடிந்தன. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியின் புரதம்) பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருவி பொருத்திய புனலில் சிறுநீர் கழிக்கச் சொல்லி அதன் வேகத்தை வரைபடமாக எடுத்தார்கள். உச்ச வேகம் வினாடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் நல்லது என்றார்கள். அப்பாவுக்கு 9தான் இருந்தது. புராஸ்டேட் வீங்கியிருந்ததை ஸ்கேனும் காட்டியது.

கேள்வித்தாளில்தான் கோளாறு. சிறுநீர்த் தொல்லையின் கடுமையை அறிய ஏழு கேள்விகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் 5 வரை என மொத்தம் 35 மதிப்பெண்; எண் கூடக்கூடத் தொல்லை அதிகம். அவற்றை ஓர் இளம் உதவியாளர், பின்னால் பத்துப் பேர் நிற்கும் கவுன்ட்டரில், உரக்கப் படித்தார். அப்பா எல்லாவற்றுக்கும் "அப்படியொன்றும் இல்லை" என்றே சொல்ல, 4 மதிப்பெண் விழுந்தது. மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, என்னை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு மீண்டும் கேட்டபோது அது 21 ஆயிற்று.

தாம்பத்தியம் பற்றியும் அவர் கேட்டிருக்கிறார். லாட்ஜில் முகாமிடும் ஒரு வைத்தியரிடம் 'நரம்புத் தளர்ச்சி'க்கு அப்பா சூரணம் வாங்கிச் சாப்பிட்டு வந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. நெஞ்சுவலிக்கு நாக்கினடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் அப்பா. இத்தகைய சூரணங்கள் சிலவற்றில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அதுவும் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். விறைப்புக் குறைவு பல நேரங்களில் ரத்தக்குழாய் நோயின் அடையாளமே என்றும், ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகியவையாதலால் கோளாறு அங்கே முதலில் தெரியக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். புராஸ்டேட்டுக்கு எழுதிய டாம்சுலோசின் எழுந்து நிற்கையில் தலைசுற்றலைத் தரலாம், விந்து வெளிப்படுவது குறையலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இத்தனை நேரமும் அம்மா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே இரண்டு ஆண்டுகளாகப் பேருந்துப் பயணத்தை அவர் தவிர்த்து வந்ததும், நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் 'சூடு' என்று பார்லித் தண்ணீரும் மருந்துக்கடை மாத்திரையுமாகச் சமாளித்ததும் எனக்குத் தெரியாது. யூராலஜி ஆண்களுக்கானது என்று அவர் நினைத்திருந்தார். சுவரில் ஆணின் உறுப்புப் படம் மட்டுமே மாட்டியிருந்த அந்தப் பிரிவும் அப்படித்தான் நினைத்ததுபோலும்.

கிளம்பும்போது, "எனக்கும் ஒன்று கேட்கணும்" என்றார். மாத்திரைக்கு முன் சிறுநீரை, எந்தக் கிருமி என்று அறியும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். மாதவிலக்கு நின்றபின் அடிக்கடி வரும் தொற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவும் என்றார். கசிவுக்கு, வயிற்றுக்காற்று பிரியாமல் அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, வேளைக்குப் பத்து முறையாக நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யச் சொன்னார்.

அதற்குத் தனிச் சீட்டுப் போட வேண்டும் என்றார்கள். அம்மாவின் பெயரில் போட்டுக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றோம்.