மாலை நேர எம்.பி.ஏ. சேரப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

சென்னையில் ஒரு நிறுவனம் "ஈவினிங் எம்.பி.ஏ." என்று விளம்பரம் செய்தது. ஷிப்ட் முடித்து அம்பத்தூரிலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் ஓடிவந்து சேர்ந்தவர்களை இரண்டு வருஷம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் உட்கார வைத்தது. கடைசியில் கொடுத்தது வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைக் கல்விச் சான்றிதழ். சிலருக்கு அதுவும் வரவில்லை. பெயரை விட்டுவிடுகிறோம். இதே வழியில் ஏமாற்றும் இடங்கள் பல உண்டு, ஒரு பெயரைத் தெரிந்துகொண்டால் மட்டும் தப்பிக்க முடியாது. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் தப்பிக்கலாம்.

சேர்க்கை நாளன்று சொன்னது இதுதான்: "சார், நீங்க ஆபிஸ் முடிச்சு ஆறரைக்கு வந்தா போதும். என்ட்ரன்ஸ் கிடையாது. மார்க் பத்தி கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்." ஏமாற்று முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. கல்லூரியில் எம்.பி.ஏ. சேர 10+2+3 முறையில் பட்டம் வேண்டும். பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட், அல்லது கேட், மேட், சிமேட் போன்றவை. மாலையில் நடக்கும் பகுதிநேரப் படிப்பு என்றால் வழக்கமாக இவற்றோடு பணி அனுபவச் சான்றும், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். இவை எதையும் கேட்காமல் ஒருவர் சேர்க்கிறார் என்றால் அவர் சேர்ப்பது பகுதிநேர எம்.பி.ஏ.வில் இல்லை.

"மார்க் பார்க்க மாட்டோம்" என்ற பேச்சை நம்பிய பொதுப்பிரிவு மாணவர் ஒருவருக்கு பி.காமில் 47 சதவீதம். நான்கு பருவமும் தேர்வு எழுதினார். தகுதிச் சரிபார்ப்பைப் பல்கலைக்கழகம் கடைசியில்தான் செய்தது. தகுதி இல்லை என்று முடிவை நிறுத்தி வைத்துவிட்டது. நிறுவனமோ "அது யுனிவர்சிட்டி ரூல், எங்க கையில இல்ல" என்று ஒதுங்கிக்கொண்டது. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகைப் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று தமிழக அரசின் 2009ஆம் ஆண்டு அரசாணை 107 சொல்கிறது. அதன்மேல் எம்.பி.ஏ. படித்தாலும் அந்தக் குறை தீராது.

அடுத்தது ரசீது. இந்த நிறுவனம் கொடுத்த ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. "ட்ரெயினிங் அண்டு கன்சல்டன்சி ஃபீஸ்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி. இந்தக் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்காகக் கல்வி நிறுவனம் வாங்கும் படிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கோச்சிங், பயிற்சி நிலையங்களுக்குத்தான் 18 சதவீதம். ஆகவே படிப்புக் கட்டணத்தின் மீது ஜிஎஸ்டி போட்டிருந்தால், நீங்கள் பணம் கட்டுவது பட்டம் தரும் இடத்துக்கு இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் அதுவே உங்கள் சாட்சி.

இனி கேட்க வேண்டிய காகிதம். மாலை வகுப்பு உண்மையாக நடத்தும் கல்லூரிக்கு ஏஐசிடிஇ, அதாவது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தரும் அனுமதி நீட்டிப்புக் கடிதம் இருக்கும். கல்லூரிக்காரர்கள் இதை "ஈஓஏ லெட்டர்" என்பார்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கான கடிதத்தைக் கேளுங்கள், மூன்று வருஷத்துக்கு முந்தையதை நீட்டினால் வாங்காதீர்கள். அதில் ஒரு அட்டவணை இருக்கும்: படிப்பின் பெயர், முழுநேரமா பகுதிநேரமா, எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, எத்தனை இடம். எம்.பி.ஏ. என்ற வரி இருப்பது மட்டும் போதாது. அதே வரியில் பகுதிநேரம் என்று இருக்க வேண்டும். முழுநேரத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, மாலையில் தனியாக ஒரு கூட்டத்தைச் சேர்த்து, "ரெகுலர்" என்று பதிவேட்டில் காட்டும் இடங்கள் உண்டு. பகலில் நீங்கள் வேலை செய்ததற்கு பி.எஃப். கணக்கு சாட்சி, அதே பகலில் வகுப்பில் இருந்ததாகக் கல்லூரி வருகைப்பதிவேடு சாட்சி. புதிய கம்பெனியில் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போது இரண்டும் மோதும், மாட்டுவது நீங்கள்தான்.

"எங்களுடையது பிஜிடிஎம், எம்.பி.ஏ.வுக்குச் சமம்" என்றால் (பிஜிடிஎம் என்பது மேலாண்மையில் முதுநிலை டிப்ளமா) சமத்துவச் சான்று கேளுங்கள். அதைத் தருவது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம், அதாவது ஏஐயு. எந்தப் படிப்புக்கு, எந்தக் காலத்துக்கு என்று அதில் இருக்கும். இரண்டு வருஷ முழுநேரப் படிப்புக்கு வாங்கிய சான்றைக் காட்டி 15 மாத எக்ஸிக்யூட்டிவ் படிப்பை விற்பது வழக்கமான வேலை.

தொலைநிலை, ஆன்லைன் எம்.பி.ஏ. மட்டம் என்று சொல்லவில்லை. யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2020 விதிமுறைப்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தந்தால் அது வழக்கமான பட்டத்துக்குச் சமம்தான். அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் இக்னோவிலோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ நேராகச் சேருங்கள், இடையில் ஆள் எதற்கு? கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டலாம். தனியார் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலை மையம் வைக்கக் கூடாது. ஃப்ராஞ்சைஸ் கொடுப்பதும் தடை. அதனால்தான் சென்னையில் படித்து, சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு எழுதியவர்களின் சான்றிதழில் வேறு மாநிலத்து மையம் ஏறியது. சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள். படிப்பு முறை, சேர்ந்த தேதி, முடித்த தேதி, கற்றல் உதவி மையத்தின் முகவரி, தேர்வு மையத்தின் முகவரி எல்லாம் பின்பக்கம் அச்சிட வேண்டும் என்பது விதி. கால் வைக்காத ஊரில் தேர்வு எழுதியதாக இருந்த அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயமே புரிந்தது.

இன்னொன்று, ஓடிபி. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர மாணவரே ஏபிசி ஐடியை (மாணவரின் பாட மதிப்பலகுகளைச் சேமிக்கும் அரசுக் கணக்கின் எண்) வைத்து டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பதிவு எண்) உருவாக்க வேண்டும். "நாங்களே போட்டுத் தர்றோம், நம்பர் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த முறையில் சேர்கிறோம் என்பது அந்தத் திரையில்தான் தெரியும். இந்தச் சென்னை நிறுவனத்தில் இன்னும் மோசமாக, தவணை வசதி என்று சொல்லி வாங்கிய ஓடிபியில் ஒரு நிதி நிறுவனத்தில் மாணவர் பெயரிலேயே கடன் எடுத்துவிட்டார்கள். முழுத் தொகையும் முதல் மாதமே நிறுவனத்துக்குப் போய்விட்டது. வகுப்பு நின்றபிறகும் இஎம்ஐ நிற்கவில்லை. கட்டாமல் விட்டவர்களுக்கு சிபில் மதிப்பெண் விழுந்தது.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்க யுஜிசியும் ஏஐசிடிஇயும் அனுமதிப்பதில்லை. விலகுகிறீர்கள் என்றால் எழுத்தில் விலகுங்கள். மின்னஞ்சல் போதும், வாட்ஸாப் குரல் செய்தி போதாது. யுஜிசியின் 2018 அறிவிப்பில் சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்து, விலகும் நாளுக்கேற்ப 100, 90, 80, 50 சதவீதம் என்று திருப்பித்தரச் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. "அடுத்த மாசம் பேசிக்கலாம்" என்று இழுப்பது இதற்காகத்தான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது ஒன்றைத் தெளிவாக்குங்கள். பல்கலைக்கழகத்தின் மீது புகார் கொடுத்தால், கல்வி என்பது நுகர்வோர் சேவை ஆகாது என்ற தீர்ப்புகளைக் காட்டித் தள்ளுபடி கேட்பார்கள். இடையில் பணம் வாங்கிய பயிற்சி நிறுவனத்தின் மீது கொடுங்கள், ஜிஎஸ்டி ரசீது அங்கே கைகொடுக்கும். காலக்கெடு 2 வருஷம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யலாம். பொய் சொல்லிப் பணம் பறித்ததற்கு போலீஸ் புகார் தனி, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, அதாவது மோசடி. ஒரே பேட்சில் படித்தவர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு ரசீது நகலோடு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துக் கொடுங்கள். அந்த விளம்பரத்தை அவர்கள் நீக்குவதற்கு முன் இன்றே எடுத்து வையுங்கள்.