கேஜிடிபி: புது ப்ராசஸருக்கு லினக்ஸை போர்ட் செய்கிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே வரும் டீபக்கர் (ஓட்டத்தை நிறுத்திப் பிழை தேடும் கருவி) கேஜிடிபி. 2008-இல் 2.6.26 பதிப்பில் மெயின்லைனுக்கு (லினக்ஸின் அதிகாரபூர்வ மூல நிரல்) வந்தது. இன்னொரு கணினியில் ஜிடிபி (கேஜிடிபியோடு பேசும் வழக்கமான டீபக்கர்) ஓட்டாமல் கன்சோலிலேயே கட்டளை கொடுக்க உதவும் கேடிபி, 2010-இல் 2.6.35-இல் சேர்ந்தது. ரிஸ்க்-ஃபைவ் (திறந்த ப்ராசஸர் கட்டமைப்பு) ஆதரவு 2020-இல், 5.8 பதிப்பில். கீழே உள்ள உதாரணங்கள் எல்லாம் ரிஸ்க்-ஃபைவ்தான்.

போர்ட் வேலையின் முதல் பாதியில் இதை நம்பாதீர்கள். டிராப் நுழைவு (பிழையோ இன்டரப்டோ வரும்போது கர்னலுக்குள் வரும் வழி), ரெஜிஸ்டர்களை, அதாவது ப்ராசஸரின் உள் சேமிப்பிடங்களை, சேமித்து மீட்பது, சீரியல் போர்ட் மூன்றும் ஒழுங்காக ஓடினால்தான் கேஜிடிபிக்கு உயிர் வரும். அதுவரை க்யூஎமு எமுலேட்டர் ஜிடிபிக்குத் திறக்கும் 1234 போர்ட்டோ, சிப்பை நேரடியாக டீபக் செய்யும் ஜேடேக் இணைப்பும் அதை இயக்கும் ஓபன்ஓசிடி மென்பொருளுமோதான் துணை. பூட் ஆகிவிட்டது, ஆனால் டிரைவர் எங்கோ தொங்குகிறது என்ற கட்டத்தில் நிலைமை தலைகீழ்: போர்டில் ஜேடேக் பின்கள் இல்லாவிட்டாலும் ஒரு சீரியல் கேபிள் போதும்.

ஜிடிபியோடு பேசும் நெறிமுறை, பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடம்) பட்டியல் எல்லாம் பொதுப் பகுதியில் தயாராக இருக்கின்றன. நாம் எழுத வேண்டியது சில நூறு வரிகள். வரிகள் குறைவுதான், கண்ணிகள் அதிகம்.

முதல் கண்ணி ரெஜிஸ்டர் வரிசை. ஜிடிபி எதிர்பார்ப்பது எக்ஸ்0 முதல் எக்ஸ்31 வரை, பிறகு பிசி (அடுத்து ஓடும் கட்டளையின் முகவரி): 33 ரெஜிஸ்டர், 64 பிட்டில் 264 பைட். கர்னல் டிராப்பில் சேமிக்கும் கட்டமைப்பிலோ எக்ஸ்0 கிடையாது. அந்த முதல் இடத்தில் உட்கார்ந்திருப்பது பிசி. 33-ஆவது இடத்தில் இருப்பது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். சோம்பல்பட்டு அப்படியே காப்பி அடித்தால் நடுவில் உள்ள 31 ரெஜிஸ்டரும் சரியாகத் தெரியும். பிசி ஸ்டேட்டஸின் மதிப்பையும், எக்ஸ்0 பிசியின் மதிப்பையும் காட்டும். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் சந்தேகம் ஸ்டாக் பக்கம் போகும், நாள் வீணாகும். எக்ஸ்0-க்கு ஆஃப்செட் -1 (சேமிப்பில் இல்லை என்ற குறி) கொடுத்து, ஒவ்வொன்றையும் அட்டவணையில் தனித்தனியாகக் குறிப்பதே சரி. தூங்கும் திரெட்டுகளுக்கு ஆர்ஏ (திரும்பும் முகவரி), எஸ்பி (ஸ்டாக் முகவரி), எஸ்0 முதல் எஸ்11 வரை மட்டுமே சேமிப்பில் இருக்கும்; அங்கே ஆர்ஏவையே பிசியாகக் கொடுங்கள்.

அடுத்தது பிரேக்பாயின்ட் கட்டளையின் அளவு. சுருக்கக் கட்டளைகள் (4 பைட்டுக்குப் பதில் 2 பைட்) இயக்கத்தில் இருந்தால் 2 பைட் சி.இபிரேக் என்ற நிறுத்தக் கட்டளையைத்தான் (நினைவகத்தில் 02 90) வைக்க வேண்டும். 4 பைட் இபிரேக்கை 2 பைட் கட்டளையின் மேல் எழுதினால் பக்கத்துக் கட்டளையும் செத்துவிடும். அங்கே வேறெங்கிருந்தோ தாவல் வந்தால் கர்னல் விழும். கர்னல் தானாக நிற்க நிரலில் நாமே வைக்கும் இபிரேக் வேறு கதை. தொடரும்போது பிசியை அதைத் தாண்டி நகர்த்தாவிட்டால் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நகர்த்துவது 4 பைட் என்றால், அசெம்பிளர் அதை 2 பைட்டாகச் சுருக்காதபடி அந்த இடத்தில் சுருக்கத்தை அணைத்து வையுங்கள்.

சிங்கிள் ஸ்டெப்புக்கு (ஒரு கட்டளை மட்டும் ஓட்டி நிற்பது) இந்தக் கர்னல் நிலையில் வன்பொருள் உதவி கிடையாது. ஜிடிபி தானே அடுத்த கட்டளையைக் கணக்கிட்டுத் தற்காலிக பிரேக்பாயின்ட் வைத்துக்கொள்ளும். கேடிபிக்கு அந்த வேலையை நாம் எழுத வேண்டும். கிளைக் கட்டளையின் நிபந்தனையை மதிப்பிட வேண்டும், ஜேஏஎல்ஆர் (ரெஜிஸ்டரில் உள்ள முகவரிக்குத் தாவல்) என்றால் ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும், எஸ்ரெட்டை (டிராப்பிலிருந்து திரும்பும் கட்டளை) மறக்கக் கூடாது. சுருக்க வடிவங்களை விட்டுவிட்டால் சில ஸ்டெப்புகள் சரியாக ஓடி, ஒரு கிளையில் கைநழுவிப் போகும்.

பல கோர் உள்ள சிப்பில்தான் உண்மையான தலைவலி. நிற்க வேண்டிய மற்ற கோர்களை கேஜிடிபி சாதாரண ஐபிஐ (ஒரு கோர் மற்றொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) மூலம்தான் கூப்பிடுகிறது. இன்டரப்ட் அணைத்த நிலையில் ஒரு கோர் சுற்றிக்கொண்டிருந்தால் அழைப்பு எட்டாது. ஒரு விநாடி காத்துவிட்டு எச்சரிக்கையோடு மேலே போகும். நாம் தேடும் பூட்டுச் சிக்கல் பெரும்பாலும் அந்தக் கோரிலேயே இருக்கும் என்பதுதான் வேடிக்கை. இன்னொன்று: பிரேக்பாயின்ட் எழுதியபின் எல்லாக் கோரிலும் ஃபென்ஸ்.ஐ (திருத்திய கட்டளையைப் புதிதாகப் படிக்கச் செய்வது) ஓட வேண்டும். அதையும் ஐபிஐ வழியாக அனுப்பிப் பதிலுக்குக் காத்தால், இன்டரப்ட் அணைத்து நிற்கும் கோர்கள் பதில் சொல்லாது, அப்படியே டெட்லாக்.

யூஆர்ட் (சீரியல் போர்ட்) டிரைவரும் புதிதென்றால், ஓர் எழுத்தைக் காத்திருக்காமல் படிக்கும், எழுதும் போலிங் செயல்கள் அதில் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கேஜிடிபியைக் கன்சோலோடு இணைக்கும் கேஜிடிபிஓசி அந்த போர்ட்டை ஏற்காது. அவற்றுக்குள் தூங்கும் பூட்டு எதுவும் கூடாது.

கட்டமைக்கும்போது டீபக் தகவலை இயக்குங்கள். பூட் வரியில் 115200 வேகத்தோடு கேஜிடிபிஓசி, கேஜிடிபிவெயிட் (ஜிடிபிக்காகக் காத்திருக்க), நோகேஏஎஸ்எல்ஆர் (கர்னல் முகவரி மாறாதிருக்க) மூன்றும் இருக்கட்டும். கர்னல் நிரல் நினைவகம் படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தால் பிரேக்பாயின்ட் வைக்க முடியவில்லை என்று ஜிடிபி புலம்பும். நிரலைத் திருத்தும் வசதி உங்கள் போர்ட்டில் வரும்வரை அந்தப் பாதுகாப்பை அணைத்து வைப்பதே வழி.

கூடவே வரும் கேஜிடிபிடிஎஸ் சோதனையை முழு மதிப்பெண்ணோடு பரிந்துரைக்கலாம். இயல்பாக இருக்கும் வி1எஃப்100 அமைப்பு, புது ப்ராசஸ் உருவாக்கும் இடத்தில் பிரேக்பாயின்ட் வைத்து 100 முறை ஓட்டும். மேலே சொன்ன ஃபென்ஸ்.ஐ பிழை கையால் இரண்டு மூன்று முறை சோதிக்கும்போது சில சமயம் தலைகாட்டாது. இந்த 100 சுற்றில் தப்புவது கடினம்.